முள் ஏறாத கார்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் எளாவூருக்கு மேற்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன கிராமம். நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். பெயிண்ட் அடைத்து விற்கிறார்களே பிளாஸ்டிக் வாளி, அதைச் செய்கிற கம்பெனி. பேக்கிங்கில் சேர்ந்து, மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு, வாய்க்கு வாய் பேசிச் சண்டை போட்டு மேலே வந்தவள் நான்.

அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு என்னை முதல் ஷிப்டுக்கு லைன் லீடராகப் போட்டார்கள். எங்கள் கம்பெனியில் அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் ஒரு பக்கம், எப்படிப் போய்ச் சேருவது என்ற கவலை இன்னொரு பக்கம். கம்பெனி பஸ் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஷேர் ஆட்டோ நன்றாக விடிந்த பிறகுதான் வரும். லைன் லீடரோ எல்லோருக்கும் முன்னால் போய் மெஷின்களின் ஹீட்டரைப் போட்டாக வேண்டும். அது சூடாகாமல் ஒரு வாளி வெளியே வராது.

நல்ல வேளையாக வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. என் கணவர் லாரி டிரைவர். அவருடைய முதலாளி புது கார் வாங்கியபோது பழையதை இவர் தலையில் கட்டிவிட்டார். கல்யாணம், காதுகுத்து, திருத்தணி என்று எப்போதாவது பகலில் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். ஆவணியில் லாரி மேல் ஏறி லோடு கட்டும்போது இவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவாவது ஆகட்டும் என்று நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். அதுதான் தீபாவளிக்குப் பிறகு கைகொடுத்தது.

அந்தக் காரைப் பற்றி இவருக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனபோது, கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போய் ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்துவிட்டது. அங்கே வழியில் ஒரு மெக்கானிக் எஞ்சினிலிருந்து எதையோ கழற்றித் தூரப் போட்டாராம். அன்றிலிருந்து வண்டி சூடானதே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, மீட்டரில் சூட்டைக் காட்டுகிற முள்ளையும் காட்டுவார். "பாத்தியா நைனா, முள்ளு எப்டி தூங்கிக்கினு கீது! ஐஸ் பொட்டி மாதிரி வண்டி" என்பார். வந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நானும் எத்தனையோ முறை ஆட்டியிருக்கிறேன்.

கார்த்திகை வரை பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. மார்கழி பிறந்து பனி இறங்கியதும் ஆரம்பித்தது வினை. காலையில் ஸ்டார்ட் ஆகிவிடும். கிளம்பி ஆக்சிலேட்டரை மிதித்தால் உடனே வேகம் எடுக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கணம் அடங்கிப் போகும். இன்னும் மிதித்தால் குலுங்கும், இருமும், திடீரென்று பாயும். சிப்காட் கேட் வருகிற வரைக்கும் இதே கூத்துதான். ஆனால் மத்தியானம் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது அதே கார் பூனைக்குட்டி மாதிரி சமர்த்தாக வரும்.

இதை வீட்டில் சொன்னால் யார் நம்புவார்கள்? இவர் கட்டிலில் படுத்தபடியே தீர்ப்பு சொல்லிவிட்டார். "வண்டில ஒண்ணும் இல்ல மே. நீ கிளட்ச்ச முழுசா உடாம ஆக்சிலேட்டர அமுக்குற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா கீது." எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவர் அவர், நேற்று லைசென்ஸ் வாங்கியவள் நான்.

சரி, மெக்கானிக்கிடமாவது காட்டலாம் என்று கும்மிடிப்பூண்டி பஜார் தாண்டி இருக்கிற ஒரு ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் நல்ல மனிதர், வேலையும் சுத்தம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. புதிது மாற்றினார். பெட்ரோல் பில்டர், காற்று பில்டர் எல்லாம் மாற்றினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வண்டி கல்லு மாதிரி இருக்கிறது என்றார். இருக்காதா பின்னே? அவர் ஓட்டிப் பார்த்தது மத்தியான வெயிலில். மறுநாள் விடியற்காலை கார் மறுபடி இருமியது. இன்னொரு முறை போனபோது புது பிளக்கும் கறுத்துக் கிடந்தது. "யக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க ஆக்சிலேட்டர சும்மா சும்மா அமுக்கி அமுக்கி உடுறீங்க, அதான் கரி புடிக்கிது" என்று அவரும் என் கால் மேலேயே பழியைப் போட்டார். வீட்டுக்கு வந்து யாரும் பார்க்காதபோது என் வலது காலையே கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு தினமும் காரில் வருகிறவள் ஒருத்தி இருந்தாள். பக்கத்துத் தெரு, என் லைனிலேயே வேலை, என் உயிர்த்தோழி. கார் குலுங்கும்போதெல்லாம் "உங்க வண்டிக்கு மார்கழிப் பனில ஜலதோஷம்" என்று கிண்டல் செய்வாள். அந்தக் கிண்டல் ஒருநாள் நின்றது.

எங்கள் ஊர் ரோடு நெடுஞ்சாலையில் சேர்கிற இடத்தில், ஆந்திரா பக்கம் போகிற வழியைக் குறுக்கே கடந்து, நடுவில் மீடியன் இடைவெளியில் புகுந்துதான் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்ப வேண்டும். செக்போஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அன்று நல்ல பனிமூட்டம். வலது பக்கம் பார்த்தேன். தூரத்தில் ஒரு ஜோடி விளக்குதான். தாராளமாகப் போய்விடலாம் என்று மிதித்தேன். கார் பாதி ரோட்டுக்குப் போனதும் அடங்கிவிட்டது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், நகரவே இல்லை. இரண்டு முறை குலுங்கி, ஆஃப் ஆகி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது.

தோழி "யம்மாடி" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. லாரியின் ஹாரன், பிரேக் கிறீச்சிடும் சத்தம், டயர் கருகும் வாடை. என் கதவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பெரிய பம்பர் வந்து நின்றது. என் பிள்ளைகள் முகம் கண் முன்னால் வந்து போனது. சாவி எங்கே இருக்கிறது என்றுகூடக் கைக்குத் தெரியவில்லை.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனிதர் திட்டவில்லை. பின்னால் வருகிற வண்டிகளுக்குத் துண்டை வீசிக் காட்டி நிறுத்திவிட்டு, ஜன்னல் அருகே வந்து, "பயப்படக்கண்டி அம்மா, நிதானங்கா" என்று, பயப்படாமல் மெதுவாக எடுக்கும்படி தெலுங்கில் சொன்னார். நான் மறுபடி மறுபடி சாவியைத் திருப்பி, கார் உயிர் பெற்று மீடியனுக்குள் போகிற வரை ரோட்டின் நடுவிலேயே நின்றார். அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை, தலையில் மாட்டியிருந்த குரங்குக் குல்லாய்தான் ஞாபகம் இருக்கிறது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவும் வாய் வரவில்லை. எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் தோழி வரவில்லை. அவள் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டாராம், ஜெனரல் ஷிப்ட் கேட்டு மாற்றிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் மனசு ஒடிந்து போனது. இவரும் விஷயம் தெரிந்ததும் வேர்த்துப் போய்விட்டார். "உட்று மே. வண்டிய வித்துட்லாம். நீயும் பேக்கிங்குக்கே போய்டு. பேஜாரு புடிச்ச இந்த வேலை நமக்கு வேணாம்" என்றார். அவர் பயத்தில் சொன்னார் என்று புரிந்தது. புரிந்தாலும் ஆத்திரம் ஆத்திரம்தான். கம்பெனியில் சூப்பர்வைசர் ஏற்கெனவே என்னைக் கூப்பிட்டு, நேரத்துக்கு வர முடியவில்லை என்றால் பொங்கலுக்குப் பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். பயந்து பயந்து, ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லாத நேரமாகப் பார்த்துக் காத்திருந்து கடந்ததில் நான் அடிக்கடி லேட். எத்தனை வருஷம் போராடி வாங்கிய இடம் ஒரு ஆக்சிலேட்டருக்குக் கீழே நசுங்கிப் போகிறதே என்று வயிறு எரிந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் எங்கள் லைனில் ஒரு மெஷின் பாதி பாதி வாளியாகத் துப்பிக்கொண்டிருந்தது. அடிப்பாகம் இருக்கும், விளிம்பு இருக்காது. அதை ஓட்டியது வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண். எல்லோரும் சேர்ந்து அவளை வறுத்தெடுத்தார்கள். போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் மணிகளை உருக்குகிற இரும்புக் குழாயைச் சுற்றியிருக்கிற ஹீட்டரில் ஒன்று எரிந்து போயிருந்தது. சூடு பாதிதான் ஏறியிருக்கிறது. முழுசாக உருகாத பிளாஸ்டிக் அச்சின் மூலை வரை எப்படிப் போய்ச் சேரும்? இதில் அவள் தப்பு ஒன்றுமே இல்லை. ஹீட்டரை மாற்றச் சொல்லிவிட்டு, கேன்டீனில் நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தேன். இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டேன். என் காரின் முள் மனசுக்குள் வந்து நின்றது, கீழே ஒட்டிக்கொண்டு, தூங்கிக்கொண்டு.

வெயிலில் நின்ற கார் மத்தியானம் நன்றாக ஓடுகிறது. பனியில் நின்ற கார் காலையில் இருமுகிறது. அப்படியென்றால் அதற்குச் சூடு போதவில்லை! எஞ்சின் சூடாகக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறோமே, சூடே ஏறாமலும் இருக்கலாமா?

வீட்டுக்குப் போய் முதல் வேலையாக இவரிடம் கேட்டேன். உங்கள் லாரியில் முள் எங்கே நிற்கும் என்று. நடுவில் என்றார். கார் முள் மட்டும் ஏன் நடுவுக்கு வருவதில்லை என்றேன். அவ்வளவுதான், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அதுதான் வண்டியோட நல்ல கொணமே! எஞ்சினு சூடாவலன்னு அழுவுற மொத ஆளு நீதான். வாளி செய்ற மெசினும் காரும் ஒண்ணா?" என்று எகிறினார். நானும் விடவில்லை. "உங்க ஐஸ் பொட்டிலதான்யா அன்னிக்கு நான் லாரிக்கு முன்னால நின்னேன்" என்று கத்தினேன். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போனேன், அவர் சாப்பிட்டுவிட்டுக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

விளக்கை அணைக்கப் போகும்போது இவர் மெதுவாகக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "ஏம்மே, வடக்க லோடு எடுத்துக்கினு போறப்போ, தை மாசக் குளுருல வண்டி இழுக்காது. அங்க டிரைவருங்கல்லாம் ரேடியேட்டருக்கு முன்னால கோணி கட்டுவானுங்க. நானும் கட்டிக்கீறேன். காத்து அடிக்காது, எஞ்சினு சீக்கிரம் சூடாயிரும், வண்டி இழுக்கும்." பிறகு அவரே, "திருத்தணில கழட்டிப் போட்டது அந்தத் தண்ணி வால்வுதான்" என்றார். எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைத்திருக்கிற சின்ன வால்வாம் அது. சூடு ஏறியதும் தானே திறந்துகொள்ளுமாம். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று பல மெக்கானிக்குகள் கழற்றிவிடுவது வழக்கமாம். கதவைப் பிடுங்கிப் போட்ட வீடு மாதிரி, குளிர்ந்த தண்ணீர் எந்நேரமும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பகலில், வெயிலில், ஊர் கூடிப் போகிற நெரிசலில் அது தெரியவில்லை. பனிக்காலையில் கொஞ்ச தூரமே ஓடுகிற எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலை நான் எழுந்து வெளியே வந்தால், இவர் ஊன்றுகோலோடு காருக்கு முன்னால் நிற்கிறார். டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ரேடியேட்டருக்கு முன்னால் பாதியை மறைக்கிற மாதிரி சொருகிக்கொண்டிருந்தார். முழுசாக மறைக்கக் கூடாதாம். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து, காலை இரு கையாலும் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார். கால் உடைந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் காரில் ஏறியது அன்றுதான். நான் ஓட்டும்போது எப்போதும் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வருகிற மனிதர் அவர்.

"கண்ணு ரோட்டு மேல. முள்ள நான் பாத்துக்குறேன்" என்றார்.

வயல் ரோட்டில் இரண்டு முறை அடங்கியது, குலுங்கியது. என் வாய் முருகா முருகா என்றது. ஏரிக்கரை தாண்டியதும் இவர், "ஏறுது மே" என்றார். ரைஸ் மில் தாண்டியதும் மறுபடி, "ஏறுது, ஏறுது" என்றார். குரலில் ஏதோ குழந்தை நடை பழகுவதைப் பார்க்கிற குதூகலம். நெடுஞ்சாலை முனையில் நிறுத்தினேன். வலது பக்கம் பார்த்தேன், இடைவெளி கிடைத்தது. மிதித்தேன். கார் ஒரு முனகல்கூட இல்லாமல், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி, நேராகப் போய் மீடியனில் புகுந்து, திரும்பி, கும்மிடிப்பூண்டி பக்கம் ஓட ஆரம்பித்தது.

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன் காலு மேல தப்பு இல்ல" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன எத்தனையோ நல்ல வார்த்தைகள் எனக்கு மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

அவரை மெக்கானிக் ஷெட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் இறக்கிவிட்டு, வெயில் ஏறினால் ஆபத்து என்று அட்டையை உருவி எடுத்து வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். அன்று நான்தான் முதல் ஆள். மத்தியானம் திரும்பி வந்தால் இவர் பழைய லாரிக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, நாலைந்து மாதமாக வீட்டில் காணாத சிரிப்போடு, முள் ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையை மட்டும் மாற்றிவிட்டார், பெருமை அப்படியேதான் இருந்தது! மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, "நானே எத்தினியோ வண்டில இத்தக் கழட்டிப் போட்டுக்கீறேன்கா. கொதிக்கிதுன்னு வர்றவன்தான் அதிகம், குளுருதுன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல" என்று சிரித்தார். செங்குன்றத்திலிருந்து வால்வு வரவழைத்துப் போட்டார். அடைத்துக் கிடந்த ரேடியேட்டரையும் சுத்தம் செய்து, போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றினார். திருத்தணியில் அன்றைக்குக் கொதித்ததற்கு அந்த அடைப்புதான் காரணமாக இருந்திருக்கும், பாவம் வால்வு மேல் பழி விழுந்துவிட்டது என்றார். எனக்கு அந்த வால்வு மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

பொங்கலுக்குப் பிறகும் முதல் ஷிப்டுக்கு நான்தான் லைன் லீடர். தோழி பத்து நாள் என்னைக் கவனித்துவிட்டு, பழைய ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொண்டு, ஒருநாள் விடியற்காலையில் பல் துலக்கிய கையோடு வந்து காரில் ஏறி, "ஜலதோஷம் போச்சா?" என்றாள். இவரும் கால் சரியாகி லாரிக்குத் திரும்பிவிட்டார். போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி கிளம்பும்போது, சாவியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. பூ, பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம். முள் நடுவில் நின்றது, அதற்கு மேல் போகவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யாருக்காவது ஒரு வேலை சரியாக வரவில்லை என்றால் இந்தப் பழமொழி நம் நாக்கு நுனியிலேயே இருக்கிறது. எனக்கும் இருந்ததுதான். என் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும், என் காலையே நான் வெறுத்துக்கொண்டிருந்தேன். அதனால் இப்போதெல்லாம் லைனில் புதிதாக வந்த பெண் ஒரு வாளியைக் கெடுத்துவிட்டுப் பயந்து நின்றால், அவள் கையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் போய் மெஷினின் முள்ளைப் பார்க்கிறேன்.